இரண்டாவது துளை

அடகுப் பிரிவில் பகல் இரண்டு மணி.
பாலையூற்றிலிருந்து பஸ் ஏறி வந்த மரிய கொரட்டி
மின்கட்டண ரசீதில் மடித்திருந்ததைக்
கண்ணாடித் துவாரத்துக்குள் தள்ளினாள்.
"வெள்ளியா பாருங்க, மிஸ்."

வெள்ளி இல்லை. கல்லில் உரசத் தேவையில்லை,
மேசையில் விழுந்த சத்தமே சொல்லிவிட்டது.
ஆனாலும் அவளுக்குப் பின்னால் வரிசை இல்லை,
தராசும் சும்மா கிடந்தது,
லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டேன்.

ஒரு ராஜா. அவர் தோளுக்குப் பின்னால் ராணி,
யன்னலோர ஆசனம் கிடைக்காதவள் போலப்
பாதி முகம்.
அவருக்குத் தாடி. அவளுக்குக் கழுத்து நிறைய முத்து.
மறுபுறம் நங்கூரம், அதில் சுற்றிய கயிறு.
பெயர் இருந்த இடத்தை உப்புத் தின்றிருக்கிறது.
ஆண்டு இருந்த இடம் என்று ஒன்றே இல்லை.

அடுத்த மேசை நஸ்ரீனா சொன்னாள்:
கிரீடம் இருந்தால் முடிசூட்டு,
வெறுந்தலை என்றால் வெள்ளிவிழா.
இவருக்கு வெறுந்தலை, அவளுக்குக் கிரீடம்.
அப்படியென்றால் கப்பலில் வந்துபோனதாக்கும்;
உட்துறைமுகத்தில் பீரங்கி வெடித்து,
பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி
ஆளுக்கொரு பணிஸும் இதுவும் கொடுத்திருப்பார்கள்.
இருக்கலாம்.
விளிம்பில் சின்னதாய் ஒரு பல்தடம்.
எந்தப் பிள்ளையோ இதையும் கடித்துப் பார்த்திருக்கிறது.

தேதி போடாமல் அச்சடித்தவனை நினைத்துக்கொண்டேன்.
மறதியாக இருக்காது.
இந்த நாளை யார் மறக்கப்போகிறார்கள்
என்று நம்பியிருப்பான்.

துளை இரண்டு.
மேலே உள்ளது ஆலைத் துளை, வட்டம் பிசகாதது, ரிப்பனுக்கு.
கீழே உள்ளது ஆணி அடித்தது.
ராணியின் முத்துமாலையைக் கிழித்துக்கொண்டு போகிறது.
அதில் கட்டித் தொங்கவிட்டால்
இரண்டு பேரும் தலைகீழ்.

"இது?" என்றேன்.
"அதுவா, அவர் போட்டது.
தூண்டிலுக்கு ஈயம் கொண்டுபோனா
சென்றியில பறிச்ச காலம்.
தொண்ணூத்தாறு, மடுத் திருநாள் கிழமை.
சின்னவன் வயித்தில ஏழு மாசம்.
இதைக் கட்டி எறிஞ்ச முதல் ராத்திரி
மூண்டு விளைமீன், ஒரு பாரை."
கையை விரித்துப் பாரையின் நீளம் காட்டினாள்.
விரல் கண்ணாடியில் இடித்தது.

படிவத்தில் 'விபரம்' என்ற கட்டத்தில்
வெள்ளை உலோகம், ஒன்று, இருபத்திரண்டு கிராம்,
அடகுக்கு ஏற்றதல்ல என்று எழுதினேன்.
'காலம்' என்ற கட்டத்தில் பேனை கொஞ்சம் நின்றது.
ஓகஸ்ட் 1996.
நஸ்ரீனா எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மரிய கொரட்டி ரசீதை மறுபடி மடித்தாள்,
யார் தலை எந்தப் பக்கம் என்று பார்க்காமல்.
"அப்ப பஸ் காசும் நட்டம்" என்றாள்.