வாளையார்ச் சாவடியில் நாற்பது விரல்கள்

"ஸ்பிரிட்டா?" என்கிறார்
கலால்துறை உதயபானு.
ஆமாம் என்றால் வழக்கு.
இல்லை என்றால் பொய்.
ஐஸ்பெட்டிக்குள் நாற்பது குப்பி,
ஒவ்வொன்றிலும் அரை விரற்கடை சாராயம்,
அதில் மூழ்கிய
ஒரு தவளை விரல்நுனி.

மயில்ராஜ் வேனை அணைத்துவிட்டான்.
லாரிக்குப் பின்னால் லாரி. மார்ச் வெயில்.

நீல மூடி வால்பாறை, சார். சிவப்பு சிறுவாணி.
ஒரே பச்சை, ஒரே குரல் போலத்தான் கேட்கும்.
ஒரு காலத்தில் ஒரே குடும்பம்.
நடுவில் மலை விட்டுப்போன இந்த வெட்டவெளி
காற்றுக்கு வழி, லாரிக்கு வழி,
ஈரத்தோல்காரிக்குக் கடல்.

தலைமுறைக்கு ஒருமுறை
நாலே எழுத்தில் எழுதிய பெரும்புத்தகத்தை
முழுக்க நகலெடுக்கிறார்கள்.
எங்கோ ஓர் எழுத்து பிசகும்.
கொல்லாத பிசகு முட்டைக்குள்ளும் போகும்.
தெற்கே ஒரு பிசகு, வடக்கே வேறு பிசகு,
ஒத்துப்பார்க்க யாரும் குறுக்கே வருவதில்லை.

ரெஜிஸ்டரில் எழுதுகிறார்: அமுதவேணி.
வாணி, சார்.
மை காய்ந்துவிட்டது.
கார்பனுக்கு அடியில் இரண்டாம் வேணி,
அதற்கும் அடியில் மங்கலாய் ஒரு வேணி.
இனி திருச்சூர்வரை நான் வேணி.

"மூணு காப்பி எதுக்கு சார்?"
"ஒண்ணு ஆபீஸுக்கு, ஒண்ணு உங்களுக்கு.
மூணாவது வெறுதே."

வெறுதே கிடப்பதுதான் எனக்குப் பிடித்தது.
அசல் வேலைக்குப் போகிறது,
உபரி நகல் வீட்டிலிருந்து பிழைக்கிறது.
பிழைத்துப் பிழைத்து
ஒருநாள் புதுத்தொழில் கற்றுக்கொள்கிறது.

எல்லா நகலும் அல்ல.
அவர் முதுகுக்குப் பின்னால் பழைய வரிச்சாவடி,
ஜிஎஸ்டி வந்ததும் பூட்டியது.
கவுண்டர் எண் மூன்று, கம்பி ஜன்னல்,
இடிக்கவும் ஆளில்லை.
என் செல்லுக்குள்ளும் அப்படி ஓர் அறை:
வைட்டமின் சி செய்த மரபணு,
குரங்காய் இருந்தபோதே பூட்டியாயிற்று,
சுவர் மட்டும் நிற்கிறது.
அதனால்தான் எதிர்க்கடையில்
உப்புப் போட்டு ஓர் எலுமிச்சை சோடா.

"அப்போ இவங்க பார்டர் எவிடே?"
உங்களுடையது தெற்கு வடக்கு, சார்.
இவர்களுடையது கிழக்கு மேற்கு.
நீங்கள் நிற்கும் இந்த ரோட்டோடுதான் ஓடுகிறது.

குனிந்து தாரைப் பார்க்கிறார்,
கோடு ஏதும் தெரியுமோ என்று.
ஒரு நீலக் குப்பியைத் திறந்து முகர்கிறார்.
தும்முகிறார். மூடுகிறார்.
"போ, போ."

முகர்ந்த குப்பியை
சிவப்புகளுக்கு நடுவே செருகியிருக்கிறார்.
எத்தனையோ லட்சம் வருடத்துக்குப் பிறகு
ஒருத்தி அக்கரை சேர்ந்திருக்கிறாள்.

கஞ்சிக்கோடு தாண்டும்வரை
நான் எடுத்து மாற்றவில்லை.