பொது விஞ்ஞானம், அமரில்லோ

இரவு பதினொன்றரை.
ஜெயந்திபாய் சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனபின்
மோட்டல் முழுக்க ஐஸ் பெட்டியின் உறுமல்.
நெஞ்சில் குத்திய பெயர்ப்பட்டி என்னைச் சிண்டி என்கிறது.
சிந்துஜாவுக்கு அதில் இடமிருந்தது,
அவருக்குத்தான் பொறுமை இல்லை.

பழைய புத்தகக் கடையில் மூன்று டொலருக்கு எடுத்த
ராணுவ நுழைவுச் சோதனைக் கையேடு.
எனக்கு முன் படித்தவன் டெல்காடோ.
முதல் பக்கத்தில் பெயர், உள்ளே பென்சில் விடைகள்.
ஒலி எதனூடாக விரைவாகச் செல்லும்?
காற்று என்று வட்டமிட்டிருக்கிறான்.
டெல்காடோ, தம்பி,
பின்பக்கம் சரக்கு ரயில் இரண்டு மைல் நீளத்துக்குப் போகிறதே,
இரும்பிடம் ஒருக்கால் கேட்டிருக்கலாமே.

மைட்டோகொண்ட்ரியா என்று வாசித்தால்
மூளை வவுனியா வரை போய்
இழைமணி என்ற சொல்லை எடுத்துக்கொண்டு திரும்புகிறது.
செங்குழியம், சடத்துவம், தீப்பாறை
எல்லாவற்றுக்கும் இந்த அலைச்சல்.
இங்கே செல் என்றால் உயிரின் மிகச்சிறிய அலகு.
எங்களுக்கு அது கலம்.
செல் என்றால்
வேறு.

இரண்டு மணிக்குப் பன்னிரண்டாம் அறைக்காரர் வந்தார்.
கேத்தில் பழுது, தேயிலைச் சாயம் இறங்கவில்லையாம்.
ஐயா, இந்த ஊர் கடலுக்கு மேலே ஆயிரத்து நூறு மீற்றர்,
தண்ணீர் தொண்ணூற்றாறு பாகையிலேயே கொதித்துவிடும்,
கேத்திலில் பிழையில்லை என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தார்.
வேறு கேத்தில் தா என்றார்.
கொடுத்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்துக்குப் பிறகு டெல்காடோ இல்லை.
சேர்ந்துவிட்டானா, விட்டுவிட்டானா
புத்தகம் சொல்லவில்லை.
வெற்றுக் கட்டங்களில் இனி என் பென்சில்.

அம்மாவிடம் மருத்துவ வேலைக்கான சோதனை என்றேன்.
பொய்யில்லை. காயத்துக்குக் கட்டுப்போடும் பிரிவுக்குத்தான் கேட்டிருக்கிறேன்.
என்ன உடுப்பு என்று அவள் கேட்கவில்லை.
பச்சை நிறத்தில் யார் வாசலுக்கு வந்தாலும்
இன்றும் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பவள்.

சோதனைக் கூடத்தில் குளிரூட்டி பல்லைக் கிட்டவைக்கிறது.
கணினியில் ஒரு கேள்விக்கு விடை கொடுத்தால்
திரும்பிப் போக வழியில்லை.
ஒளி தெரிந்து ஒன்பது விநாடிக்குப் பின் ஒலி கேட்டால்
மின்னல் ஏறத்தாழ எவ்வளவு தூரத்தில்?

பக்கத்துப் பெண் தாளில் பெருக்கத் தொடங்கினாள்.
எனக்கு வாய்பாடு வேண்டியிருக்கவில்லை.
ஒன்பது வயதில், பதுங்குகுழி மண் தலையில் உதிர,
வானம் வெளுத்ததும் எண்ணத் தொடங்குவோம்.
மூன்றுக்கு ஒரு கிலோமீற்றர்.
அண்ணன் விரலை மடக்குவான், நான் வாயால் எண்ணுவேன்.
எண்ணி முடிந்தால் அது எங்களுக்கு வந்ததில்லை.
ஒருநாள் இரண்டு என்று சொல்ல வாய் திறந்தேன்.

மூன்று கிலோமீற்றர்.
அழுத்தினேன்.

அடுத்தது:
அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம்?
பாதரசம்.
கை கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும்
சரியான கட்டத்தில்தான் பட்டது.