நாலாவது பிஸ்டன்

கல்லடியில், சாப்பாட்டு மேசையில்
மொறிஸ் மைனரின் எஞ்சின்.
மூன்று பிஸ்டன் சரி,
நாலாவதில் வெடிப்பு.

பஞ்சிகாவத்தையில் சிரித்தார்கள்.
வாழைச்சேனையில் ஒருவர்
தோணிக்குப் பூட்டியதைக் காட்டி,
“உப்புத் திண்ட மிச்சம் எடுங்கோ” என்றார்.

சம்மாந்துறையில்
நெல் ஸ்டோருக்குப் பின்னால் அதே மொடல், பச்சை.
நிஸ்வானா கிறீஸ் கையோடு வந்தா.
“பிஸ்டன் நாலும் இரிக்கி.
கிராங்தான் இல்ல. உங்களிட்ட?”

இருந்தது.

இருவரும் அளந்துகொண்டோம்,
ஒரு நூல் பிசகாமல்.
யாரும் விலை கேட்கவில்லை.
பிளேன்ரீ ஆறி ஆடை கட்டியது.

வெறும் பையோடு பஸ்.
கல்முனை தாண்ட போன்:
“முதல்ல ஒரு எஞ்சின் ஓடட்டும்.
எந்தக் கார்ல எண்டு
புறகு சண்டை புடிப்பம்.
கஸ்கட் காசு உங்கட.”