ஒன்றரை டிகிரி

திருகு இல்லை, பூட்டு இல்லை.
கூம்புக்குள் கூம்பு, சாய்வு ஒன்றரை டிகிரிதான்.
மேலே தள்ளத் தள்ள இறுகும்.

ராடோவானுக்குத் தெரியாததா?
இருந்தும் டிரில் சக்கில் மில்லிங் கட்டரை மாட்டி
தகட்டைப் பக்கவாட்டில் ஓட்டினான்.
அதிர்ந்து அதிர்ந்து
சக் கழன்று, கட்டரைக் கவ்வியபடியே
உருண்டு வந்தது என் பூட்ஸ் வரை.
தண்டு மட்டும் ஸ்பிண்டிலை விடவில்லை.

ஓஸ்ட்ராவாவில் இரவு மூன்று மணி.
கூரைத் தகரத்தில் பனி சரிகிற சத்தம்.

பக்கத்துப் பிளவில் ஆப்பைச் செருகி
ஒரே தட்டு.
தண்டு என் கையில்.
"எனக்குப் பதினாலு மாசம் இழுத்தது, ஸ்டென்கா," என்றான்.
"வக்கீல் பீஸ் தனி."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
துணியை விரலில் சுற்றி உள்ளே துடைத்தேன்:
எண்ணெய், ஒரு சுருள் பிசிறு,
அப்புறம் நரைத்த முடி ஒன்று.
என்னுடையதாகத்தான் இருக்கும்.

உள்ளங்கையால் குத்தினேன்.
நின்றது.