பதினோரு மைல்

சாட்சிக் கூண்டின் மரத்தில்
எவனோ நகத்தால் கீறிய ஒரு மீன்.
அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டேன்.
பெயர், ஆல்கிஸ்.
தொழில், சர்க்கரைக்கிழங்கு லாரி.
விஸ்பீச் பக்கத்துச் சாலைகளில்
பதினேழு குளிர்காலம்.

"இரவு மூன்று பத்துக்கு என்ன பார்த்தீர்கள்?"

முதலில் நீலம்.
பக்கக் கண்ணாடியில் ஒரு பொட்டு.
நான் கியர் மாற்றுவதற்குள்
வாய்க்கால் நீர் முழுக்க நீலம்.
சைரன் இல்லை.
சத்தம் பிறகுதான் வந்தது,
பந்தி முடிந்தபின் வரும் உறவுக்காரன் போல.
இருபத்தெட்டு டன் கிழங்கைச் சுமந்தபடி
என் லாரி குழந்தையாய் நடுங்கியது.

காரின் கருவி சொல்கிறது:
மணிக்கு நூற்று முப்பத்து நான்கு மைல்.
ஏதோ கிடங்கில் திருட்டு மணி அடித்ததாம்.
எலி கடித்த கம்பி.
மூன்றாம் நிமிடமே "வர வேண்டாம்" என்றது வயர்லெஸ்.
அதற்குப் பின்னும் ஆறு நிமிடம்
அவர் கால் எழவில்லை.

"ஏன் எழவில்லை?"

கான்ஸ்டபிள் டாரில் ஸ்வேல்ஸ்
தன் ஷூவைப் பார்க்கிறார்,
அதற்குத்தான் தெரியும் என்பதுபோல.
"தெரியவில்லை" என்கிறார்.
"சாலை காலியாக இருந்தது."

அவருடைய வக்கீல் எழுந்து,
பயிற்சி பெற்றவர், விருது பெற்றவர்,
யார் மேலும் ஒரு கீறல் விழவில்லை,
நடக்காத விபத்துக்கு ஒரு வழக்கா என்கிறார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று
சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம்.
போன வருடம் ஒன்பது மைல் கூடுதலுக்கு
எனக்கு வந்த கடிதம்
இன்னும் டாஷ்போர்டில் வெளுத்துக் கிடக்கிறது.
என்னிடம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் அந்த வேலியை எனக்குத் தெரியும்.

மூன்று வருடம் முன்பு, சமையலறைத் தரையில்
ருட்டாவின் இதயம் நின்றுவிட்டது.
போனில் ஒரு பெண் ஆங்கிலத்தில் எண்ண
நான் என் மொழியில் எண்ணி
அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்.
ஆம்புலன்ஸ் எங்கேயோ.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
மஞ்சள் பெட்டியோடு உள்ளே வந்தவர் இவர்தான்.
இரண்டு அதிர்ச்சி. மூன்றாவது வேண்டியிருக்கவில்லை.
மேசை விரிப்பை இழுத்து அவளைப் போர்த்திவிட்டு
கெட்டில் எங்கே என்று கேட்டார்.

பதினோரு மைல். ஐந்து நிமிடம்.
நன்றிக்கு யார் கணக்குப் போடுவார்கள்?
இன்று கூண்டில் நின்றபடி போட்டுப் பார்க்கிறேன்.
நூற்று முப்பத்திரண்டு.

இரண்டு மைல்தான் குறைவு.

பார்வையாளர் வரிசையில் ருட்டா.
வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
அவர் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள்,
பச்சை ஸ்கார்ஃபோடு,
மூச்சு விட்டபடி.

"சாட்சி இறங்கலாம்."

மீன்மேலிருந்து என் கை நகரவில்லை.
யாரும் கேட்காத ஒன்று என்னிடம் இருக்கிறது.
மூன்று ஒன்பதுக்கு நான் கடந்து போன சைக்கிள்.
கெசியா, ரொட்டிக்கடைப் பெண்,
மாவு பிசையப் போகிறவள்.
பாலத்தில் அவள் இடப்பக்கம் திரும்பியதை
கண்ணாடியில் பார்த்தேன்.
பொட்டு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ருட்டாவுக்காக அவர் பறந்து வந்த இரவில்
பாலத்தில் திரும்பியது யார்?
நான் விசாரிக்கவில்லை.
அன்று யாராவது சொல்ல வந்திருந்தாலும்
கதவைச் சாத்தியிருப்பேன்.

"சாட்சி இறங்கலாம்" மறுபடியும்.

"சாலை காலியாக இல்லை" என்றேன்.
"ஒரு சைக்கிள் இருந்தது."

வக்கீல்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.
ருட்டாவை நான் பார்க்கவில்லை.
அவர் மட்டும் ஷூவிலிருந்து தலையைத் தூக்கி,
பேசக் கூடாது என்று அதட்டுவதற்குள்,
நேராக என்னிடம் கேட்டார்:
"விளக்கு இருந்ததா?"

முன்னால் இருந்தது.
பின்னால் இல்லை.