இருபத்து மூன்றாம் மாடிக்கு விலைப்புள்ளி

மேடம் சியூ,
நீங்கள் கேட்ட கணக்கு.

பலகணி, பதினொன்றே கால் அடிக்கு நாலடி.
ஒரு மூலையை ஏசி தின்றுவிட்டது.
அதன் வெந்த மூச்சு படும் இடத்தில்
எதையும் வைக்க மாட்டேன், கெஞ்சினாலும்.

கிழக்குப் பார்த்த வீடுதான்.
ஆனால் எதிர்க் கட்டடம் வெயிலைப் பிடித்து வைத்து
பத்தரைக்குத்தான் அவிழ்த்து விடுகிறது.
பன்னிரண்டரைக்கு மேல்மாடித் தளம் மறைத்துவிடும்.
ஆக, இரண்டு மணி நேரம்.
ரோஜா கேட்டீர்கள்.
விற்கலாம். சாகும். மறுபடி விற்கலாம்.
என் பழைய முதலாளி அப்படித்தான் லோரி வாங்கினான்.

நான் தருவது
வெற்றிலை ஒன்று, பாண்டான் இரண்டு,
லக்சாவுக்குக் கெசும் ஒரு நீளத் தொட்டி.
சீனப் பெருநாளுக்கு லீமாவ் மரம்
பதினைந்து நாள் வாடகைக்கு.
பழம் உதிருமுன் வந்து எடுத்துப்போவேன்.
வாடுவதை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை,
அதுவும் வாடகைக்குள் சேர்த்தி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆகாயத்தில் போடும் மண்ணை அளக்காமல் முடியுமா?
தேங்காய்நார்த் தூள் கலந்து நூற்றிருபது லிட்டர்.
நனைந்தபின் என்ன எடை என்று
நிர்வாக அலுவலகத்துக்குத் தனிக் கடிதம்.
சர்வீஸ் லிஃப்ட் பத்திலிருந்து நாலு வரை,
முன்பணம் இருநூறு வெள்ளி, அது உங்கள் பொறுப்பு.

தட்டுகளில் மணல் நிரப்பித் தருவேன்.
தண்ணீர் நின்றால், கொசுப்புழு இருந்தால்
சுகாதார இலாகா உங்கள் பெயருக்குத்தான் அபராதம் எழுதும்,
ஆனால் ஏசுவது என்னையாக இருக்கும்.

மாதம் இரண்டு முறை வருகை, நூற்று நாற்பது வெள்ளி.
நீங்கள் ஊரில் இல்லாத வாரம் முப்பது கூடுதல்.

இவ்வளவையும் மலாயில் தட்டி
நேற்றிரவே அனுப்பிவிட்டேன்.
எழுதாமல் விட்டது இனிமேல்.

பதினாறு வருடம்
நெடுஞ்சாலை ஓரம் முதுகில் இயந்திரம் சுமந்து புல் வெட்டினேன்.
வெட்ட வெட்ட வளர்ந்ததற்குச் சம்பளம்.
இப்போது வளராமல் போவதற்குச் சம்பளம்.
'என் கையில் எதுவும் உயிரோடிருக்காது' என்று
ஒவ்வொரு வீட்டிலும் யாராவது வெட்கப்படுகிறார்கள்.
நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வேன்.
அந்த வெட்கத்தில்தான்
என் மகனின் பாலிடெக்னிக் கட்டணம் கட்டுகிறேன்.

இருபத்தெட்டுப் பலகணி என் கையில்.
ஒரு வீட்டுத் தொட்டியைப் பக்கத்து வீடு பார்க்கும்,
பக்கத்து வீட்டை மேல்வீடு.
கொசு மாதிரிப் பரவுகிறது தொழில்.
கெப்போங்கில் ஒரு கிடங்கு பார்த்திருக்கிறேன்,
ரஃபீக்குக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மண்ணாசை பொல்லாதது என்று படித்ததுண்டு.
அரசர்களுக்கு அது எத்தனை காதமோ.
இங்கே ஆளுக்கு நாற்பது லிட்டர்,
கைப்பிடி வைத்த பையில்,
வண்டல் வாசனையில்லாமல்.
வாங்கும்போது மட்டும் எல்லாரும்
ஒருமுறை பையைத் திறந்து விரலை விடுகிறார்கள்.
நீங்களும் விட்டீர்கள், மாதிரிப் பையில்,
மோதிரத்தைக் கழற்றாமலே.

அப்புறம், அளந்துகொண்டிருந்தபோது பார்த்தேன்:
துணி காயும் கம்பிக்குப் பின்னால்
பழைய ரைஸ் குக்கரின் உள்பாத்திரம்,
அதில் ஓர் இஞ்சி, யாரும் சொல்லாமல் நாலு இலை.
'அது குப்பை, எறிந்துவிடு' என்றீர்கள்,
சொல்லிக்கொண்டே காய்ந்த இலையைக் கிள்ளினீர்கள்.

நீங்கள் டீ போட உள்ளே போனீர்கள்.
பாத்திரத்தைச் சாய்த்தேன்.
தேங்கியிருந்தது ஒரு கோப்பை கறுப்புத் தண்ணீர்.
டிரில்லை எடுத்து அடியில் மூன்று துளை.
சத்தம் கேட்டு 'என்ன?' என்றீர்கள்.
'சுவர் சோதிக்கிறேன், மேடம்.'

துளைக்கு விலை போடவில்லை.
தட்டுத்தடுமாறி அது பிழைத்துக்கொண்டால்
உங்கள் வெட்கம் போய்விடும்,
என் நூற்று நாற்பதும் கூட.

கடைசி வரியில் வழக்கம்போல் எழுதியிருக்கிறேன்:
இந்த விலைப்புள்ளி முப்பது நாளுக்குச் செல்லும்.

இஞ்சிக்கு எட்டு மாதம்.