நான்காவது முயற்சி

ஈரி நகரம், பிப்ரவரி. நிலவறையில்
துணி துவைக்கும் இயந்திரம் உதறும்போதெல்லாம்
டிவிக்குள் மைதானமும் உதறும்.
கேசட்டை இரண்டு முறை ஊதிச் செருகுவான் வென்டெல்.

வீரர்களுக்குப் பெயரில்லை, எண்கள்தான்.
முப்பத்தொன்று எங்கள் ஆள்:
ஆறு சதுரத்தில் ஒரு முதுகு.

நான்காவது முயற்சி, இன்னும் பதினோரு கெஜம்.
எவனும் பந்தை உதைத்து அனுப்பிவிடுவான்.
வென்டெல் மாட்டான்.
"ஓடுறா!"
சதுரங்கள் சிதறும். திரும்பவும்
"ஓடுறா!"
அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோற்றோம்.

இப்போது காப்பீடு விற்கிறான்.
நேற்று என் கூரைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று,
ஏரி பொங்கினால் என்று இன்னொன்று,
கையெழுத்து வாங்கினான்.

அந்தப் பெட்டி இருக்கா, என்றேன்.
எப்பவோ வித்தாச்சு, என்றான்,
மேசை விளிம்பில் கட்டைவிரல்
எதையோ விடாமல் அழுத்திக்கொண்டிருக்க.